வெடிச்சதா, சுட்டதா

நீங்க அந்தச் சேதியத்தான் படிக்கறீங்கன்னு தெரிஞ்சுதுங்க. எட்டிப் பாத்ததுக்குக் கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல உக்காந்தவரு பேப்பர விரிச்சா கண்ணு தானாப் போகுது. "பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிகளுக்கு மீண்டும் கட்டுப்பாடு?" கேள்விக்குறி போட்டிருக்கறாங்க. போன வருசமும் இப்பிடித்தான் கேள்விக்குறியோட ஆரம்பிச்சுது.

நீங்க என்ன நெனைக்கறீங்க? விவசாயி துப்பாக்கி ஊட்டுல இருக்கோணுமா, ஸ்டேஷன்ல இருக்கோணுமா?

சொல்லாட்டிப் பரவால்லீங்க. இதே கேள்விக்கு நான் மைக்கப் புடிச்சுப் பதில் சொல்லி முந்நூறு பேரக் கைதட்ட வெச்சவன். எம்பேரு சென்னியப்பன். மலையடிவாரத்துல சின்னக்காட்டூருன்னு, இந்த பஸ்ஸு கடைசியாப் போயி நிக்கற ஊரு. அங்க எனக்குத் தோட்டம். துப்பாக்கி லைசென்சுதாரர் சங்கத்துக்கு ஒம்பது வருசம் நான்தான் தலைவரு. போன ஆவணியில கூட எனக்குச் சால்வ போட்டாங்க. அதப் பத்தி யாருகிட்டயும் பேசற பழக்கமில்லீங்க இப்ப. இன்னைக்கு என்னமோ பேசோணும் போல இருக்குது. நீங்க வெளியூருன்னு பாத்தாலே தெரியுது. அதனாலதான்னு வெச்சுக்குங்களேன்.

காட்டுப்பன்னிய நீங்க பாத்திருக்கறீங்களா? படத்துல பாக்கறதில்லீங்க. ரெண்டு ஏக்கரா மக்காச்சோளம், கதிரு பால் புடிக்கற பருவம். இருவது பன்னி ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போச்சுன்னா அடுத்த நா காலையில போயிப் பாத்தா கல்யாண ஊட்டுல பாய விரிச்ச மாதிரி படுத்துக் கெடக்கும். திங்கறது கொஞ்சம், மிதிக்கறதுதான் நெறைய. நட்டஈடு கேட்டு மனுக் குடுத்தா அடுத்த வெள்ளாமையும் முடிஞ்சிருக்கும். அதனாலதான் எங்கப்பன் காலத்துலயே துப்பாக்கி வாங்குனாங்க. ஒத்தக் குழலு. பின்னால மடக்கித் தோட்டா போடறது, தோட்டாக்குள்ள பொடிப் பொடியா ஈய ரவை இருக்கும். எலக்சன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுப்போடோணும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்கிட்டு வர்றதுக்குள்ள பன்னிக்கு எப்பிடித் தெரியுமோ, பூந்து வெளையாடிட்டுப் போயிருக்கும். இதெல்லாம் நெசமுங்க. நான் மேடையில பேசுனதுல இந்தப் பாதி நெசந்தான். அத நீங்க மனசுல வெச்சுக்கோணும்.

மத்தப் பாதியச் சொல்றேன்.

முந்தின வருசம் மார்கழி. காலங்காத்தால ஆறு மணி இருக்கும். பனி எறங்கி எதுக்க நிக்கற தென்னமரமே தெரியல. அதுக்கு முந்துன நாலு நாளும் பன்னி வந்து போயிருக்குது. மேக்கால கம்பி வேலி ஒரு பக்கம் சாஞ்சு போயி, அது வழியா வருது. நான் துப்பாக்கியோட, சாளைன்னு சொல்ற தோட்டத்துக் கொட்டாய்க்குப் பின்னால நிக்கறேன். வேலியோரம் சோளத்தட்டு ஆடுச்சு. கீழ, முட்டி உசரத்துல கறுப்பா ஒண்ணு அசைஞ்சுது. சுட்டுப்போட்டேன்.

பன்னி கத்துறது எனக்குத் தெரியுமுங்க. அது பன்னி கத்துன மாதிரி இல்ல.

போயிப் பாத்தா நஞ்சன். மலையோரத்துல மூங்கில்பதின்னு இருளருங்க குடியிருக்கற எடம், பதினாறு ஊடு. அங்கிருந்து எங்க தோட்டத்துக்கு இருவது வருசமா வேலைக்கு வர்றவன். எங்கூட்ல ஒருத்தன் மாதிரிங்க. அவனுக்குன்னு ஒரு தட்டே தனியா வெச்சிருக்கறோம், வேற ஆரும் அதத் தொட மாட்டாங்க. அவந்தான் குத்தவெச்சு உக்காந்துட்டு ரெண்டு கையிலயும் மொகத்தப் பொத்தியிருக்கறான். விரலு சந்துல ரத்தம் ஊத்துது. எடது கையில ரெண்டு விரலு தொங்குது.

அந்த நேரத்துல, அந்தப் பனியில, வேலியோரம் அவனுக்கு என்ன வேலைங்க? குரல் குடுத்துட்டு வந்திருக்கலாமில்ல? நான் ரொம்ப நாளு இதத்தான் எம்மனசுக்குள்ள கேட்டுட்டு இருந்தேன்.

இல்லீங்க, இருங்க. உங்ககிட்டயாவது சரியாச் சொல்லிப்போடறேன். மொத நா சாயங்காலம் நான்தான் அவனக் கூப்புட்டுச் சொன்னேன். "நஞ்சா, மேக்கால வேலி சாஞ்சு கெடக்குது, வெடியறதுக்குள்ள வந்து தூக்கிக் கட்டிப்போடு"ன்னு. வந்தான். குத்தவெச்சு உக்காந்து கம்பியப் புடிச்சு இழுத்துட்டு இருந்திருக்கறான். அதுதான் முட்டி உசரத்துல அசைஞ்சுது.

சத்தம் கேட்டு எங்கூட்டம்மா ஓடியாந்தா. பூவாத்தான்னு பேரு. அவதான் துண்ட நனைச்சு மொகத்தச் சுத்திக் கட்டுனா. நான் வண்டிய எடுத்தேன். பிக்கப் வண்டி. அவன முன்னால உக்கார வெச்சுட்டு டவுனுக்கு ஓட்டுறேன். அப்ப எனக்கு என்ன நெனப்பு ஓடுச்சுங்கறீங்க? லைசென்சு போயிரும். கேசு வரும். சங்கத்துத் தலைவனே மனுசனச் சுட்டுப்போட்டான்னு பேப்பர்ல வரும். அவன் கண்ணு என்னாகும்கற நெனப்பு அப்பறந்தான் வந்துச்சு. வந்துச்சுங்க, வராம இல்ல. ஆனா அப்பறந்தான்.

பாதி வழியில சொன்னேன். "நஞ்சா, ஆரு கேட்டாலும் அவுட்டுக்காய்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவுட்டுக்காய்னா உங்களுக்குத் தெரியாதுங்க. வெடிமருந்தும் கூழாங்கல்லும் வெச்சு உருண்டையாக் கட்டி, மேல கொழுப்பத் தடவிப் பன்னிக்குப் போடறது. கடிச்சா வாயோட வெடிக்கும். யானைக்குட்டி கூடக் கடிச்சுச் செத்திருக்குது. வெக்கறது பெரிய குத்தம். ஆனாலும் மலையோரத்துல எங்கயாச்சும் ஒண்ணு கெடக்கும். தெரியாம எடுத்தான், வெடிச்சுப்போச்சுன்னா ஆரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு எம்புத்திக்குப் பட்டுது.

துண்டுக்குள்ள இருந்து அவன், "செரிங்கய்யா"ன்னான். அத்தன வலியிலயும் அதத்தான் சொன்னான்.

ஆசுபத்திரியில அவுட்டுக்காய்னுதான் எழுதிக்கிட்டாங்க. சின்ன எடந்தான். ரவைய எடுத்த டாக்டரு ஒரு கிண்ணத்துல போட்டு ஆட்டிப் பாத்துட்டு, என்னைய ஒருக்கா பாத்தாரு. ஒண்ணும் கேக்கல. ரெண்டு விரலு எடுத்துட்டாங்க. எடது கண்ணு போயிருச்சு. அவம் பொண்டாட்டி மருதி வந்தா. அவகிட்டயும் நான்தான் பேசுனேன். "உங்களக் கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன், உம்பொண்ண எங்க வரைக்கும் படிக்கோணுமோ அங்க வரைக்கும் படிக்க வெக்கறேன்"னு சொன்னேன். அவ எம்மொகத்தையே பாத்துட்டு நின்னா. செரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. நான் செரின்னு எடுத்துக்கிட்டேன்.

நான் நெனைக்காதது ஒண்ணு நடந்து போச்சு. அவுட்டுக்காய்னு எழுதுனதால, ஆசுபத்திரிக்காரங்க ஸ்டேஷனுக்குச் சொல்லிப்போட்டாங்க. வெடி வெச்சிருந்தான்னு அவன் மேலயே கேசாயிருச்சு. கீழ கெடந்தத எடுத்ததுன்னு சொன்னா நம்பல. கையில வெடிச்சிருக்குது, பதி ஆளு, பன்னிக்கு வெக்கப் போயிருப்பான்னு அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. கட்டுப் பிரிக்கறதுக்கு முன்னாலயே அவன் குத்தவாளி.

எங்கூட்டம்மா அன்னைக்கே சொன்னா. "போயி உள்ளதச் சொல்லிப்போடுங்க. தெரியாம நடந்துதுன்னு சொன்னா எவ்வளவு பண்ணிருவாங்க?" நான், உனக்குச் சட்டம் தெரியாது, பேசாம இருன்னு சொன்னேன். அவ பேசாமத்தான் இருந்தா. அதுக்கப்பறம் அதப் பத்திப் பேசவே இல்ல. சோறு போடறா, தண்ணி வெக்கறா. என் துப்பாக்கி இருக்கற ரூமக் கூட்டறது மட்டும் இல்ல. நானேதான் கூட்டிக்கறேன்.

வக்கீலு வெச்சேன். வாய்தாவுக்கு வாய்தா என் வண்டியிலயே கூட்டிட்டுப் போனேன். பாத்தவங்க எல்லாரும், சென்னியப்பன் மாதிரி ஆரு இருப்பா, கூலிக்கு வந்தவனுக்கு இத்தன செய்யறாருன்னு சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டேன்.

இந்த நெலமையிலதான் அந்தச் சட்டப் பேச்சு வந்துது. வேற எங்கியோ துப்பாக்கியால ஏதோ ஆச்சுன்னு, இனிமே பயிர்த் துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷன்லதான் இருக்கோணும், தேவப்படறப்ப எழுதிக் குடுத்து வாங்கிட்டுப் போகோணும்னு ஒரு யோசன. போன ஆனி மாசம் கருத்துக் கேக்கற கூட்டம் போட்டாங்க. டவுன்ல ஒரு கல்யாண மண்டபம். கோட்டாட்சியரு வந்திருந்தாரு, வாலிப வயசு, எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டாரு. எங்க சங்கத்துல எழுவது பேரு, மத்த விவசாயிக, வேடிக்க பாக்க வந்தவங்க, எல்லாம் சேந்து முந்நூறு பேரு.

நான்தான் மொதல்ல பேசுனேன். பன்னியப் பத்தி இப்ப உங்ககிட்டச் சொன்னதெல்லாம் சொன்னேன். ஸ்டேஷன் இருவத்திரெண்டு கிலோமீட்டர், நாங்க மனு எழுதி முடிக்கற வரைக்கும் பன்னி காத்துட்டு நிக்குமான்னு கேட்டேன். சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புல தைரியம் வந்துது. வாயி அதுபாட்டுக்குப் போகுது. "எங்க வட்டாரத்துல அறுவது வருசமா லைசென்சு துப்பாக்கி இருக்குதுங்க. இன்னைக்கு வரைக்கும் அதால ஒரு மனுசனுக்கு ஒரு கீறல் விழுந்திருக்குதுன்னு ஆராச்சும் சொல்லட்டும், என் துப்பாக்கிய இங்கயே வெச்சுட்டுப் போறேன்"னேன்.

ஒரே கைதட்டு.

அடங்குனதுக்கப்பறம் முன் வரிசையில இருந்து ஒரு அம்மா எந்திரிச்சாங்க. ராஜாமணின்னு பேரு. கவர்மெண்டு நர்சா இருந்து ரிட்டயர் ஆனவங்க, எங்க பக்கத்துல பாதிப் பேரு அவங்க கையிலதான் பொறந்தது. அவங்க ஊட்டுக்காரரும் எங்க சங்கத்துல இருந்தவருதான். கெணறு வத்தி வாழை காஞ்ச வருசம், மனசு ஒடைஞ்சு, தன் துப்பாக்கியாலயே போய்ச் சேந்துட்டாரு. அத நாங்க கணக்குல சேத்துக்கறதில்ல. கீறல் விழலைன்னு நான் சொன்னப்ப அந்த அம்மா முன் வரிசையில உக்காந்திருக்கறாங்கங்கறதே எனக்கு ஞாபகமில்ல.

அந்த அம்மா சத்தமாப் பேசல. "பன்னி வருசத்துல ஒரு மாசம் வருது. துப்பாக்கி வருசம் பூரா ஊட்டுல இருக்குது. ஸ்டேஷன் இருவத்திரெண்டு கிலோமீட்டர்னு இவரு சொல்றாரு. அன்னைக்குத் துப்பாக்கி அவ்வளவு தூரத்துல இருந்திருந்தா, போற வழியிலயே எங்கூட்டுக்காரருக்கு அந்தக் கெட்ட நேரம் தீந்திருக்கும். துப்பாக்கியே வேண்டாம்னு நான் சொல்லல. கொஞ்சம் எட்ட இருக்கட்டும்னுதான் கேக்கறேன்."

நான் அத அப்பிடியே விட்டிருக்கலாமுங்க. ஆனா எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. தலைவரு என்ன சொல்லப் போறாருன்னு பாக்கறாங்க. நான் மைக்க எடுத்தேன். "அம்மா, கயிறுந்தான் ஊட்டுல இருக்குது. பூச்சிமருந்துந்தான் இருக்குது. அதெல்லாத்தையும் ஸ்டேஷன்ல கொண்டு போயி வெக்கலாங்களா?"

சிரிச்சுப்போட்டாங்க. அத்தன பேரும் இல்ல, பாதிப் பேரு. போதுமே. எம்மகனும் அந்த அம்மா கையிலதான் பொறந்தது. அவங்க பாட்டுக்கு உக்காந்துட்டாங்க.

அதோட முடிஞ்சிருந்தாலும் பரவால்லைங்க. எங்க சங்கத்துச் செயலாளரு சம்பத்துன்னு, நல்ல மனுசன், அவருக்கு உள்விசயம் ஒண்ணும் தெரியாது. கள்ள வெடிதான் ஆபத்து, லைசென்சு துப்பாக்கி இல்லைன்னு காட்டறதுக்கு அவரு ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தாரு. எனக்கு அன்னைக்குக் காலையிலதான் சொன்னாரு. வேண்டாம்னு நான் சொல்லியிருக்கோணும். என்ன காரணம் சொல்றதுன்னு தெரியாம, செரின்னு தலையாட்டிப்போட்டேன்.

நஞ்சன மேடைக்குக் கூட்டியாந்தாங்க.

வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட. நான் தீபாவளிக்கு எடுத்துக் குடுத்ததுதான். சம்பத்து அவன் எடது கையப் புடிச்சு மேல தூக்கிக் காட்டுனாரு. "பாருங்க சார், இது எங்க துப்பாக்கி பண்ணுன காயமில்ல, அவுட்டுக்காய் பண்ணுனது. கட்டுப்படுத்தோணும்னா இதக் கட்டுப்படுத்துங்க." மூணு விரலோட அந்தக் கை மேல நிக்குது. நஞ்சன் எங்கியும் பாக்கல. நான் அவனுக்கு நாலடி தள்ளி மைக்கோட நிக்கறேன்.

ராஜாமணி அம்மா எந்திரிச்சு மேடைக்கு வந்தாங்க. படியேற முட்டி வலிக்குது அவங்களுக்கு, ஒவ்வொரு படியா ஏறுனாங்க. நேரா நஞ்சங்கிட்டப் போயி, தாடையப் புடிச்சு மொகத்த வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாத்தாங்க. கன்னத்துல, நெத்தியில, கழுத்துல, கடுகு தெளிச்சாப்புல புள்ளி புள்ளியா இருக்கும். வெடி பட்டா தோலு வெந்திருக்கும், இவனுக்கு வேகல. நர்சுங்க. அதுவுமில்லாம தன் ஊட்டுக்காரரக் கழுவி எடுத்து வெச்சவங்க. அவங்களுக்கு ரவைக் காயம் தெரியாதா?

"ஏம்ப்பா," மெதுவாத்தான் கேட்டாங்க, ஆனா என் கையில இருந்த மைக்குல அது கேட்டுப்போச்சு. "வெடிச்சதா, சுட்டதா?"

நஞ்சன் அந்த ஒத்தக் கண்ணால என்னையப் பாத்தான். மொறைக்கலீங்க. வேலைக்காட்டுல, "இந்த வாய்க்கால அடைக்கட்டுங்களா, தொறக்கட்டுங்களா"ன்னு கேக்கறப்ப எப்பிடிப் பாப்பானோ அப்பிடித்தான் பாத்தான். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். தலைய ஆட்டியிருந்தாக் கூடப் போதும். முந்நூறு பேரு இருக்கறாங்க. நான் குனிஞ்சு மைக்கு ஒயரச் சரி பண்ணுனேன்.

"வெடிச்சதுங்கம்மா"ன்னான்.

அந்த அம்மா என்னைய ஒருக்கா பாத்தாங்க. அப்பறம் நஞ்சன் தோள ஒருக்கா தொட்டாங்க. எறங்கிப் போயி, பைய எடுத்துட்டு, வெளிய போயிட்டாங்க. அதுக்கப்பறம் எங்கள எதுத்துப் பேச ஆளில்ல. நாங்க செயிச்சது அப்பிடித்தானுங்க.

ஏன் சொல்லாமப் போனாங்கன்னு ரொம்ப நாளு யோசிச்சேன். அவங்க சொன்னா கேசு என் மேல வரும், ஆனா பொய் சொன்னான்னு நஞ்சனும் மாட்டிக்குவான். அவனுக்காகத்தான் விட்டுட்டுப் போனாங்கன்னு இப்பத் தோணுது. எனக்காக இல்ல.

ஆவணியில அந்த யோசனைய நிறுத்தி வெச்சுட்டாங்க. துப்பாக்கி அவங்கவங்க ஊட்டுலயே இருக்கலாம்னு ஆச்சு. சங்கத்துல விருந்து வெச்சு எனக்குச் சால்வ போட்டாங்க. நஞ்சனும் வந்திருந்தான், எல போட ஒத்தாசைக்கு. மூணு விரலுல அவன் தண்ணி டம்ளரு வெச்சுட்டுப் போனான். நான் குடிக்கல. தாகமாத்தான் இருந்துச்சு.

கேசு மட்டும் முடியாம இழுத்துட்டே இருந்துச்சு. வக்கீலு சொன்னாரு, குத்தத்த ஒத்துக்கிட்டா அபராதத்தோட விட்டுருவாங்க, இல்லீன்னா இன்னும் நாலஞ்சு வருசம் அலையோணும்னு. நான் நஞ்சங்கிட்டச் சொன்னேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அலைச்சல் மிச்சம், வேலைக்காடு கெடாது. எனக்கும் நிம்மதின்னு வெச்சுக்குங்க, எதுக்கு மறைக்கறது. கேசு முடிஞ்சுதுன்னா மறுபடி ஆரும் கெளற மாட்டாங்க.

இந்த மாசியில ஒரு நாளு கோர்ட்ல கூப்புட்டாங்க. நீதிபதி அம்மா தாளப் பாத்துட்டுக் கேட்டாங்க. "வெடி வெச்சிருந்தது உண்மையா? யாரும் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கலயே?"

"இல்லீங்கம்மா. நான்தான் வெச்சிருந்தனுங்க."

அவ்வளவுதான். அபராதம் நான் கட்டுனேன். செய்யாத குத்தத்த ஒருத்தன் கைகட்டி நின்னு ஒத்துக்கிட்டான், செஞ்சவன் பின்னால பெஞ்சுல உக்காந்து பாத்துட்டு இருந்தேன். என் வயசுக்கு எத்தனையோ கெட்டது பாத்திருக்கறேனுங்க. அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்த மாதிரி எங்கியும் உக்காந்ததில்ல.

வெளிய வந்து டீ வாங்கிக் குடுத்தேன். வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் குடிக்காம நின்னான். இத்தன நாளுல அவன் என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லீங்க. அன்னைக்குத்தான் கேட்டான்.

"அய்யா, இனி ஆருகிட்டயும் சொல்ல வேண்டாமுங்க. எல்லாம் முடிஞ்சு போச்சு. எம்பொண்ணுகிட்ட மட்டும் ஒருக்கா சொல்லிப்போடுங்க. அவ அப்பன் காட்டுல வெடி வெக்கறவன் இல்லைன்னு."

பொண்ணு வினிதா. டவுன்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா, பதினொண்ணாவது. காட்டு வெடியில செத்த யானைக்குட்டிய அவளும் சின்னதுல பாத்திருக்கறா, மூணு நாளு சோறு திங்கலையாம். அவ கூடப் படிக்கறதுக, வெடிகாரன் மகன்னு சொல்லுதாம். செரி, சொல்றேன்னேன். நான் வெசனப்பட்டுத்தான் சொன்னேன், ஏமாத்தோணும்னு இல்ல.

மாசியில கேட்டான். பங்குனியில எனக்குக் காச்சல். சித்திரையில கோயில் நோம்பி. வைகாசியில பள்ளிக்கூடம் லீவு. அப்பறம் வெதப்பு வேல. தெனமும் வந்து வேல செஞ்சுட்டுப் போறான், மறுபடி ஒருக்காக் கூட ஞாபகப்படுத்தல. நேத்துச் சாயங்காலம் நானாத்தான் சொன்னேன், நாளைக்கு ஞாயித்துக்கெழம, போயி வினிதாவப் பாத்துட்டு வர்றேன்னு. தலையாட்டுனான்.

இன்னைக்குப் போயிட்டுத்தான் வர்றேனுங்க. இப்ப இந்த பஸ்ஸுக்கு முந்திதான்.

ஹாஸ்டல் முன்னால ஒரு வேப்பமரம், சிமெண்ட் பெஞ்சு. பாக்க வந்தவங்க அங்க உக்காந்து பேசிக்கலாம். அவ வந்தா. நல்லா வளந்துட்டா. மருதி ஜாடை. "வாங்கய்யா, நல்லா இருக்கறீங்களா, உங்கூட்டு அம்மா நல்லா இருக்கறாங்களா"ன்னு கேட்டா. படிப்பப் பத்திக் கேட்டேன், சாப்பாட்டப் பத்திக் கேட்டேன். பனிரெண்டாவதுக்கப்பறம் நர்சுக்குப் படிக்கோணும்னா. பேச்சு தீந்து போச்சு. அவ காத்துட்டு இருக்கறா. நான் ஒரு வழியாச் சொன்னேன்.

"அம்மிணி, உங்கப்பன் அவுட்டுக்காய் வெக்கறவன் இல்ல."

"தெரியுமுங்க."

"ஆரு சொன்னா?"

"எங்கம்மாதானுங்க. ஆசுபத்திரியில இருந்து வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க."

எனக்கு ஒண்ணும் புரியல. அப்ப உங்கப்பன் எதுக்கு என்னைய அனுப்புனான், உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாதான்னு கேட்டேன்.

அவ சொன்னா. "அப்பாவுக்கும் தெரியுமுங்க. எனக்குத் தெரியோணும்னு அவரு உங்கள அனுப்பல. நீங்க ஒருக்கா வாயால சொல்லோணும்னுதான்." அப்பறம் என்னைய நேராப் பாத்து, "ஆரு சுட்டாங்கன்னு சொல்லுங்கய்யா. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னா.

அந்தப் புள்ளைக்குப் பதினாறு வயசுங்க. எம்பேத்தி வயசு. மொகத்துல கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. பரிச்சைக் கேள்விக்குப் பதிலு எதிர்பாக்கற மாதிரி நிமுந்து உக்காந்திருந்தா. நான் வாயத் தொறந்தேன். நெசமாவே தொறந்தேன். "நான்தான் அம்மிணி"ன்னு மூணு நாளாச் சொல்லிப் பழகிட்டுத்தான் போனேன்.

"பனியில ஆருன்னு தெரியல கண்ணு"ன்னு சொல்லிப்போட்டேன்.

அவ எந்திரிச்சுட்டா. நான் கொண்டு போன நேந்திரம் பழத்தக் குடுத்தேன். வாங்கிக்கல. "அப்பாகிட்டக் குடுத்துருங்க, அவருக்குப் புடிக்கும்"னு சொல்லிட்டு, வர்றனுங்கன்னு மரியாதையாச் சொல்லிட்டு உள்ள போயிட்டா.

இப்பப் பாருங்க, உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். ஒரு வார்த்த தடுக்கல. பேரு தெரியாத உங்ககிட்ட வருது. சொல்ல வேண்டிய எடத்துல வரல.

மறுபடி போலாமுங்க. போகத்தான் போறேன். அடுத்த மாசம் லைசென்சு புதுப்பிக்கற தேதி. அந்த வேல ஒண்ணு முடியட்டும், முடிஞ்சதும் மொத வேலையாப் போயிச் சொல்லிப்போடுவேன். எதுக்கு அப்பிடிப் பாக்கறீங்க? நீங்க பாக்கறது எனக்குத் தெரியுதுங்க. சொல்லறப்பவே என் காதுலயும் விழுந்துச்சு.

எங்க ஊரு வந்துருச்சு. நீங்க உக்காந்திருங்க, பஸ்ஸு திரும்பி நின்னதுக்கப்பறம் எறங்கலாம். ஸ்டாப்புல வெள்ளச் சட்டையோட ஒருத்தன் நிக்கறான் பாருங்க, அவந்தான் நஞ்சன். நான் வரச் சொல்லல, அவனா வந்து நிக்கறான். சொல்லிட்டீங்களான்னு வாயத் தொறந்து கேக்க மாட்டான். பைய வாங்கிக்குவான். வாங்கறப்ப அந்த ஒத்தக் கண்ணால ஒருக்கா எம்மொகத்தப் பாப்பான். அத நெனைச்சாத்தானுங்க எனக்கு எந்திரிக்கவே முடியல.